எல்.எல்.ஆர். இருக்கிறது, ஏற்றத்தில் காரைக் கிளப்ப முடியவில்லை

வைகைக்கரை:

வயது 21, மதுரை. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வகுப்புகளும் முடிந்துவிட்டன. "நன்றாகத்தானே ஓட்டுகிறாய், தேர்வுக்குத் தேதி வாங்கிவிடலாம்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பயிற்சிக் காரில் சொல்லித்தருபவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் அவர் காலைக் கவனித்தேன். ஷூ முனை அவர் பக்கத்துக் கிளட்சின் மேலேயே இருந்தது. கார் குலுங்காமல் கிளம்பியது அவர் காலால், என் காலால் அல்ல.

வீட்டில் அப்பாவின் டீசல் ஸ்விஃப்ட் இருக்கிறது. விடியற்காலையில் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கே.கே.நகர் உள்தெருக்களில் ஓட்டுகிறேன். சமதளத்தில் சமாளித்துவிடுகிறேன். ஆனால் ஆண்டாள்புரம் பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றால் கை கால் உதறுகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பின்னால் உருள்கிறது. பதறிக் கிளட்சை விட்டால் என்ஜின் நின்றுவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பின்னால் ஓர் அரசு பஸ் வேறு, ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அம்மாச்சி நத்தத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. அப்பா இருட்டிய பின் ஓட்டுவதில்லை. அம்மா வேலை முடிந்து வந்த பிறகு நான் அழைத்துப்போனால்தான் வார நாளிலும் அவர்களைப் பார்க்க முடியும். அதனால் கையில் உரிமம் இருந்தால் மட்டும் போதாது, எனக்கு ஓட்டத் தெரிய வேண்டும். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவதை எப்படிப் பழகுவது? உயரம் ஐந்தடிக்கும் குறைவு. இருக்கையை எப்படி வைத்துக்கொள்வது?

திருநகர்வாசி:

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம் என்பதுதான் விதி, முப்பத்தோராவது நாளே போயாக வேண்டும் என்பதல்ல. தேர்வில் தேறும் வரை, நீங்கள் ஓட்டும்போது செல்லுபடியாகும் உரிமம் வைத்திருப்பவர், வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில், பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பாவின் உரிமம் காலாவதியாகவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு 'எல்' வேண்டும். பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக்கூடாது. தேர்வில் தவறினால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும்.

நத்தம் ரூட்:

அம்மா, நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நத்தம், கொட்டாம்பட்டி வழித்தடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டினேன். என் மகள்கள் இருவருக்கும் நானே கற்றுக்கொடுத்தேன். உங்கள் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி. பள்ளிக்காரர்கள் தேர்வில் ஹெச் (ஆங்கில 'H' எழுத்து வடிவில் வண்டியை ஓட்டிக் காட்டுவது) போட வைத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டிப் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் கிளப்புவதும் தேர்வில் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று. அதைச் சொல்லித்தராமல் வகுப்பை முடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சில நாளைக்கு ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத, சமமான மைதானத்துக்குப் போங்கள். முதல் கியரைப் போட்டு, இடது குதிகாலைத் தரையில் ஊன்றிக் கிளட்சை நூலளவு நூலளவாக விடுங்கள். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் கனக்கும். ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம் வரும். பானெட் ஒரு விரற்கடை தூக்கும். காலை அங்கேயே நிறுத்துங்கள். டீசல் வண்டி ஆக்ஸிலேட்டர் இல்லாமலே நகரத் தொடங்கும். உடனே கிளட்சை அழுத்தி நிறுத்துங்கள். மறுபடி விடுங்கள். அந்த இடம் உங்கள் காலுக்கு அத்துப்படியாகும் வரை வேறு எதுவும் வேண்டாம். பள்ளிக் காரில் பழகிய இடம் ஸ்விஃப்டுக்கு உதவாது. ஒவ்வொரு வண்டியிலும் அது வேறு உயரத்தில் இருக்கும்.

அடுத்து ஏற்றம். நின்றதும் கைப்பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு வலது காலை எடுத்துவிடுங்கள். உருளாது, பயம் வேண்டாம். கிளம்பும் நேரம் வந்ததும் முதல் கியர்; ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துச் சத்தத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை அந்த இடம் வரை விடுங்கள். வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கி, முன்னால் போகத் துடிப்பது இருக்கையிலேயே தெரியும். அது தெரிந்த பிறகுதான் கைப்பிரேக்கை இறக்க வேண்டும். பலர் இதை வண்டியை ஷெட்டில் போடும்போது இழுப்பதற்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஏற்றத்தில் அதுதான் உங்கள் மூன்றாவது கால். அரைக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் மட்டும் வந்துவிட வேண்டாம். பிளேட் தேய்ந்து கருகல் வாடை அடிக்கும்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'எல்' பலகையைப் பார்த்த பிறகும் ஹாரன் அடிப்பது முறையே இல்லை. அதற்காக என் தொழில்காரர்கள் சார்பில் வருந்துகிறேன். ஆனால் பஸ் ஓட்டுநருக்கு எது தெரியாது என்பதை நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். அவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்மூலையை ஒட்டி நிற்கும் சிறிய கார் அவர் பார்வையில் விழாது. பஸ் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே திருப்பத்தில் பஸ்ஸுக்கு இடப்பக்கம் புகவே கூடாது. ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால், ஆள் நிறைந்த பஸ் கிளம்பும்போது சற்றுப் பின்வாங்கலாம். ஒரு கார் நீளம் இடம் விடுங்கள்.

கோவை மலர்விழி:

தங்கையே, நானும் உங்கள் உயரம்தான். தினமும் அலுவலகத்துக்குக் காரில்தான் போகிறேன். கிளட்சைத் தரை வரை அழுத்தும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இருக்கையை அதற்கேற்ப முன்னால் நகர்த்துங்கள். ஆனால் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே 25 செ.மீ. இருக்கட்டும், ஏர்பேக் விரிய இடம் வேண்டும். இருக்கையை உயர்த்தும் நெம்புகோல் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் வழுக்காத கெட்டித் திண்டு போடுங்கள்; பஞ்சுத் தலையணை பிரேக் பிடிக்கும்போது நகரும்.

ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குச் சரிவரவில்லை. பாதம் சிறியதாக இருந்தால் கிளட்சை முழுதாக அழுத்துகையில் குதிகால் தரையில் நிற்காது. அழுத்தும்போது எழுப்பிக்கொள்வேன், விடும்போது மட்டும் ஊன்றிக்கொள்வேன். மெல்லிய அடியுள்ள ஷூ நல்லது, செருப்பு வேண்டாம். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள்.

நத்தம் ரூட்:

அம்மணி சொல்வது சரி. விடும்போது ஊன்றினால் போதும். என் பெரிய மகளும் அப்படித்தான் ஓட்டுகிறாள்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. அப்பாவின் உரிமத்தைப் பார்த்தேன், செல்லுபடியில்தான் இருக்கிறது. இருக்கையைத் திண்டு போட்டு உயர்த்தியதும் பானெட்டின் முனை முதல்முறையாகத் தெரிகிறது. ஐயா, அந்தப் பாலத்திலேயே பழகலாமா?

நத்தம் ரூட்:

பாலத்தில் வேண்டாம். பின்னால் வண்டி வராத, சுமாரான சரிவுள்ள தெருவைத் தேர்ந்தெடுங்கள். அப்பா கையைக் கைப்பிரேக்கின் மேல் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நீங்கள் கேட்டாலொழிய இழுக்கக்கூடாது. அங்கே பதற்றமில்லாமல் கிளம்ப வந்த பிறகு, காலை ஐந்தரை மணிக்குப் பாலத்துக்குப் போங்கள். நெரிசல் நேரம் கடைசியில்.

நத்தம் போக 2023-இல் திறந்த பறக்கும் சாலை உங்களுக்கு வசதிதான். 7.3 கிலோமீட்டருக்குச் சிக்னல் தொல்லை இல்லை. ஆனால் நேர் சாலையில் வேகம் ஏறுவதே தெரியாது, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். முதல் முறை பகலில் அப்பாவுடன் போய்வந்து வழியைப் பழகிக்கொள்ளுங்கள். உரிமம் வந்த பிறகு இரவில் ஓட்டலாம்.