2024-ல் நான் சொன்னதும் நடந்ததும்: 12-க்கு 5 வந்தால் பாஸா, ஃபெயிலா?

டைரி_பாண்டியன் | 30 டிசம்பர் 2024, இரவு 9.10

ஒவ்வொரு வருஷமும் ஜவுளிக்கடையில் கொடுக்கும் டைரியின் முதல் பக்கத்தில், ஜனவரி 1 அன்று அந்த ஆண்டின் விளையாட்டுக் கணிப்புகளை எழுதி வைப்பேன். நீலப் பேனாவில்தான் எழுதுவேன். எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. இந்த ஆண்டு ஜனவரியில் 11 வரி. நவம்பரில், உலக செஸ் சாம்பியன் போட்டி தொடங்குவதற்கு முன்னால் ஒன்று சேர்த்தேன். மொத்தம் 12.

பலித்தவை ஐந்து. இங்கிலாந்துக்கு எதிரான உள்நாட்டு டெஸ்ட் தொடரை வெல்வோம் (4-1). அஸ்வின் 500 விக்கெட்டைத் தொடுவார். டி20 உலகக் கோப்பை நமக்கு. பாரிஸில் ஹாக்கிப் பதக்கம். செஸ் உலக சாம்பியன் டிங் லிரனை குகேஷ் வெல்வார்.

பொய்த்தவை ஏழு. ஐபிஎல்லில் சென்னை, யூரோவில் பிரான்ஸ், ஜோகோவிச்சுக்கு ஒரு கிராண்ட்ஸ்லாம், ஈட்டி எறிதலில் நீரஜுக்குத் தங்கம், ஒலிம்பிக்கில் இரட்டை இலக்கப் பதக்கம், கேண்டிடேட்ஸில் (உலக செஸ் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) நம்மவர்களில் பிரக்ஞானந்தாதான் முதலில் நிற்பார், சொந்த மண்ணில் டெஸ்ட் தொடரை எவரிடமும் இழக்க மாட்டோம்.

மெல்போர்ன் டெஸ்டில் இன்று ஆஸ்திரேலியாவிடம் 184 ரன்னில் தோற்ற பிறகு டைரியை எடுத்து உட்கார்ந்தேன். 12-க்கு 5 என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் டி20 கோப்பையையும் குகேஷையும் சரியாகச் சொன்னவன் இந்த ஆண்டை ஓரளவு புரிந்துகொண்டவன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோவை_சராசரி | 30 டிசம்பர், இரவு 9.42

பாண்டியன் அண்ணா, டைரியில் எழுதி வைத்ததற்கே முதலில் ஒரு வணக்கம். எங்கள் டீக்கடையில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிற ஒருவரிடமும் எழுத்தில் ஆதாரம் கிடையாது.

ஆனால் உங்கள் கணக்கை ஏற்க மாட்டேன். ஜனவரி 1 அன்று அஸ்வின் 490 விக்கெட்டில் இருந்தார். உள்ளூரில் ஐந்து டெஸ்ட் காத்திருந்தது. அவர் 500-ஐத் தொடுவார் என்று சொல்ல டைரி தேவையில்லை, காலண்டர் போதும். அதையும் குகேஷ் உலக சாம்பியன் ஆவார் என்பதையும் ஒரே மதிப்பெண்ணில் வைக்கலாமா? ஒன்று மாசி மாதம் மழை பெய்யாது என்பது, இன்னொன்று ஐப்பசியில் எந்த நாள் பெய்யும் என்பது.

வானிலைக்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்து ரொம்ப காலம் ஆகிறது. பிரையர் என்கிற அமெரிக்க வானிலையாளர் 1950-லேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு கணிப்புக்கும் எத்தனை சதவீதம் என்று போடுங்கள். 90 சதவீதம் என்று சொன்னது நடக்காவிட்டால் 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கி 0.81 அபராதம். 60 சதவீதம் என்று சொன்னது நடக்காவிட்டால் 0.36 மட்டும். எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி என்று மழுப்புகிறவருக்கு எப்போதும் 0.25. சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல கணிப்பாளர். உங்கள் டைரியில் சதவீதமே இல்லை. அதனால் அதற்குப் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. ஜனவரி முதல் தேதி உங்கள் மனசு எங்கே இருந்தது என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது.

கறுப்புக்_குதிரை | 30 டிசம்பர், இரவு 10.05

சதவீதத்தை விடுங்கள் தம்பி. அண்ணாவிடம் எனக்குக் கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதினீர்களா? குகேஷ் வரிக்கு என்ன எழுதினீர்கள்?

டைரி_பாண்டியன் | 30 டிசம்பர், இரவு 10.11

எழுதினேன். அப்படியே தருகிறேன்: "டிங் ஜனவரிக்குப் பிறகு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம் எதிலும் ஜெயிக்கவில்லை. குகேஷ் 12 ஆட்டத்துக்குள் முடித்துவிடுவார்."

கறுப்புக்_குதிரை | 30 டிசம்பர், இரவு 10.38

அப்படியானால் அந்த வரி உங்கள் கணக்கில் வராது அண்ணா. கோபப்படாமல் கேளுங்கள்.

ஜெயிக்கவே மறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதிய அதே டிங், சிங்கப்பூரில் முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டு குகேஷை வீழ்த்தினார். குகேஷ் மூன்றாவதில் சமன் செய்தார், பதினொன்றாவதில் முந்தினார். பன்னிரண்டாவதில் டிங் திரும்பவும் சமன் செய்தார். நீங்கள் முடிந்துவிடும் என்று சொன்ன 12-வது ஆட்டத்தின் முடிவில் ஆளுக்கு 6 புள்ளி!

டிசம்பர் 12 அன்று கடைசி ஆட்டமான 14-வது ஆட்டத்தை நான் ஆரம்பம் முதல் பார்த்தேன். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிராதான், இனி நாளைக்கு வேக ஆட்டங்களில் டைபிரேக் என்று எழுந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்தேன். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்தார். குகேஷுக்கும் உடனே தெரியவில்லை. அப்புறம் புரிந்தபோது அந்த முகம் மாறியதைப் பார்த்திருப்பீர்கள். யானையும் யானையும் வெட்டுப்படும், பிஷப்பும் பிஷப்பும் வெட்டுப்படும், மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும், அங்கே அந்தக் கூடுதல் சிப்பாயே வெற்றிக்குப் போதும். டிங் கைகொடுத்தார். 18 வயதுப் பையன் அழுதுகொண்டே காய்களைத் திரும்ப ஆரம்ப நிலையில் அடுக்கினான். தட்டில் சோறு ஆறிப்போனது எனக்குத் தெரியவே இல்லை.

டிங் பலவீனமாக இருந்ததால் நடந்ததல்ல அது. டிராவை ஏற்காமல் ஐந்தாவது மணி நேரத்திலும் பிடித்து இழுத்தவனின் பிடிவாதத்துக்குக் கிடைத்தது. நீங்கள் எழுதிய காரணத்தால் நடக்கவில்லை. காரணம் தப்பி, முடிவு மட்டும் ஒத்துப்போனால் அதைக் கணிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேண்டிடேட்ஸும் அப்படித்தான். முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனாலேயே குகேஷ் வெல்வதைக் கற்பனை செய்ய முடியவில்லை. நீங்கள் பிரக்ஞானந்தாவை எழுதியதில் தப்பே இல்லை. 2023 செஸ் உலகக் கோப்பையில் இறுதி வரை போனவர் அவர். கேண்டிடேட்ஸ் நடந்த டொராண்டோவில் கடைசி நாள் கருவானாவும் நெபோம்னியாச்சியும் ஆடிய ஆட்டத்தில் கருவானா கையில் வெற்றி இருந்தது. அதை அவர் முடித்திருந்தால் குகேஷோடு அவரும் 9 புள்ளி, டைபிரேக். பொய்த்த அந்த வரி எனக்குப் பலித்த வரியைவிட மேலாகப் படுகிறது.

கோவை_சராசரி | 30 டிசம்பர், இரவு 10.57

குதிரை அண்ணா, இது ஆபத்தான பாதை. "முடிவு தப்பு, ஆனால் என் காரணம் சரி" என்று சொல்ல ஆரம்பித்தால் உலகத்தில் ஒருவரும் தோற்க மாட்டார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருக்கும். முடிவு ஒன்றுதான் நம் கைக்கு அகப்படாதது, நம் இஷ்டத்துக்கு வளையாதது. அதை விட்டால் பிடிமானமே இல்லை.

கறுப்புக்_குதிரை | 30 டிசம்பர், இரவு 11.02

முன்கூட்டியே எழுதி வைத்த காரணம் எப்படி வளையும் தம்பி? அதுவும் நீலப் பேனாவில்தானே இருக்கிறது.

ஷட்டில்_செல்வி | 31 டிசம்பர், காலை 6.50

காலைப் பயிற்சிக்கு முன்னால் படித்தேன். குதிரை சார் பக்கம்தான் நான். நீரஜ் வரியைப் பாருங்கள்.

டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். பாரிஸில் 89.45. ஏறக்குறைய இரண்டு மீட்டர் கூடுதல். அதுவரை அவர் வாழ்க்கையில் இரண்டாவது சிறந்த எறிதல் அது. மற்ற ஐந்தும் ஃபவுல், அந்த ஒன்றுதான் கணக்கில் வந்தது. நீரஜ் டோக்கியோவைவிட நன்றாக எறிவார் என்று நம்பித்தானே பாண்டியன் அண்ணா தங்கம் என்று எழுதினார்? அந்த நம்பிக்கை அப்படியே நடந்தது. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 எறிந்து ஒலிம்பிக் சாதனை படைப்பார் என்று எவர் சொன்னார்? கோவை தம்பியின் கணக்கில் இது வெறும் தப்பு. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளாக என்னால் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. தன் முழுத் திறமையையும் ஆடிவிட்டுத் தோற்ற பிள்ளையிடம் போய் நீ தப்பு என்று சொல்வேனா?

ஆனால் பாண்டியன் அண்ணா மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 12 வரியில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. பாராலிம்பிக்ஸ் இல்லவே இல்லை. ஒலிம்பிக்கில் பத்தை எதிர்பார்த்தீர்கள், ஆறு வந்தது. ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம், நான்காம் இடங்கள் மட்டும் ஆறு. அடுத்த மாதமே அதே பாரிஸில் நம் பாரா வீரர்கள் 29 பதக்கம் எடுத்தார்கள், ஏழு தங்கம். காஞ்சிபுரம் துளசிமதி பேட்மிண்டனில் வெள்ளி, அரையிறுதியில் அவரிடம் தோற்ற மனிஷா ராமதாஸ் வெண்கலம், ஓசூர் நித்யஸ்ரீ வெண்கலம், ரியோ, டோக்கியோவுக்குப் பிறகு மூன்றாவது முறையாக மாரியப்பன். நம் மாநிலத்துக்கே நான்கு. துளசிமதியின் இறுதி ஆட்டத்தை எங்கள் அகாடமியில் ஒரு செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து பதினோரு பிள்ளைகள் பார்த்தோம். புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் ஓப்பன், மகளிர் இரண்டிலும் தங்கம். அதுவும் டைரியில் இல்லை.

எது பலித்தது என்று பார்ப்பதற்கு முன்னால், எதையெல்லாம் கணிக்கவே தோன்றவில்லை என்று பாருங்கள் அண்ணா.

டைரி_பாண்டியன் | 31 டிசம்பர், காலை 9.25

செல்வி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி. அதை எழுதிவிட்டுத்தான் மற்றதற்கு வருகிறேன்.

ராத்திரி குதிரை சொன்னதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. டி20 உலகக் கோப்பை வரியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "ரோஹித், கோலி தொடக்கக் கூட்டணி நம்மைக் கரை சேர்க்கும்" என்று எழுதியிருக்கிறேன். இறுதிப் போட்டிக்கு முன் ஏழு ஆட்டத்தில் கோலி எடுத்தது 75 ரன். அன்று ஒரே நாளில் 76 எடுத்தார், அது உண்மை. ஆனால் நம்மைக் கரை சேர்த்தது யார்?

ஜூன் 29 ராத்திரி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, ஆறு விக்கெட் கையில், கிளாசனும் மில்லரும் நிற்கிறார்கள். அக்சரின் ஒரே ஓவரில் 24 போயிருந்தது. நான் டிவியை அணைக்கவில்லை. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தேன். தெருவே அமைதியாக இருந்தது. பிறகு எதிர் வீட்டில் ஒரு சத்தம், ஹர்திக் கிளாசனை எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, பும்ராவின் பந்தில் யான்சன் போயிருக்கிறார். கடைசி ஓவரில் 16 தேவை என்று கீழேயிருந்து என் மகள் கத்தினாள். அடுத்த சத்தத்துக்குப் படியில் பாதி இறங்கியிருந்தேன். எல்லைக் கோட்டில் சூர்யகுமார் மில்லரைப் பிடித்ததை ரீப்ளேயில்தான் பார்த்தேன்.

ஏழு ரன்னில் ஜெயித்தோம். ஆனால் ஜனவரியில் ஜெயிப்போம் என்று எழுதிய அதே ஆள், ஜூனில் அந்த ஐந்து ஓவருக்கு நம்பவில்லை. மாடியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த வரியில் உரிமை உண்டா? ராத்திரி முழுக்க அதுதான் மனசில் ஓடியது.

கோவை_சராசரி | 31 டிசம்பர், காலை 10.10

அண்ணா, நீங்கள் மாடிக்குப் போனதில்தான் என் கட்சியே இருக்கிறது. உங்கள் மனசு அந்த நேரத்தில் ஒரு சதவீதத்தைப் போட்டுவிட்டது. ஜனவரியில் 40 என்று வைத்துக்கொள்வோம், அந்த 30 பந்துக்கு முன்னால் 5. தகவல் மாறினால் எண் மாறும். அதில் நம்பிக்கைத் துரோகம் ஒன்றும் இல்லை. எண் போட்டிருந்தால் இந்தக் குற்ற உணர்ச்சியே வந்திருக்காது.

உள்நாட்டு டெஸ்ட் தொடர் வரியைப் பார்ப்போம். என்னைக் கேட்டிருந்தால் நானும் 95 போட்டிருப்பேன். 2012-ல் இங்கிலாந்திடம் தோற்ற பிறகு தொடர்ந்து 18 தொடர் வென்றவர்கள் நாம். நியூசிலாந்து 1988-க்குப் பிறகு இங்கே ஒரு டெஸ்டும் வென்றதில்லை. பெங்களூரில் மேகமூட்டத்தில் நாமே பேட்டிங் எடுத்து 46-க்குச் சுருண்டோம். புனேயில் சான்ட்னர் 13 விக்கெட். மும்பையில் 147 எடுக்க முடியாமல் 121-ல் முடிந்தோம், அஜாஸ் படேலுக்கு அந்த ஆட்டத்தில் 11. தொடர் 3-0. எனக்கு விழும் அபராதம் 0.90. அதை வாங்கிக்கொள்வேன். அண்ணாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இதுதான். அவர் ஒரு வரியில் தோற்றார். நான் எவ்வளவு தோற்றேன் என்று எனக்குத் தெரியும்.

ஷட்டில்_செல்வி | 31 டிசம்பர், காலை 10.31

பெங்களூர் டெஸ்டை நியூசிலாந்து ஆண்கள் வென்ற அதே அக்டோபர் 20 அன்று அவர்களுடைய பெண்கள் துபாயில் டி20 உலகக் கோப்பையை வென்றார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை. இதுவும் இங்கே இருக்கட்டும்.

கறுப்புக்_குதிரை | 31 டிசம்பர், காலை 11.15

0.90 என்று தெரிந்து என்ன செய்வீர்கள் தம்பி? ஏன் தப்பியது என்று அந்த எண் சொல்லுமா? சுழலுக்காகப் போட்ட புனே ஆடுகளத்தில் நம்மவர்களே சுழலை ஆட முடியாமல் தவித்தார்கள். "உள்ளூரில் நாம் சுழலை நன்றாக ஆடுவோம்" என்று அண்ணா காரணம் எழுதியிருந்தால், அந்தக் காரணம் பொய்த்தது கண்ணுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அதே தப்பைச் செய்ய மாட்டார்.

டைரி_பாண்டியன் | 31 டிசம்பர், மதியம் 1.40

அந்தக் காரணம்தான் எழுதியிருக்கிறேன். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

சென்னை வரியையும் சொல்லிவிடுகிறேன். காரணம் ஒரே சொல்: "தோனி." தொடருக்கு முந்தின நாள் தலைமையை ருதுராஜிடம் கொடுத்தார். காரணம் அன்றைக்கே செத்துவிட்டது, ஆனால் மே 18 வரை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பெங்களூருவுக்கு எதிராக, கடைசி ஓவரில் பிளேஆஃபுக்கு 17 ரன். யஷ் தயாளின் முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூக்கி மைதானத்துக்கு வெளியே அடித்தார். பலித்துவிட்டது என்று எழுந்து நின்றேன். ஈரப் பந்து போய் வேறு பந்து வந்தது. அடுத்த பந்தில் அவுட். மிச்ச நான்கு பந்தில் ஒரே ஒரு ரன். முதல் எட்டு ஆட்டத்தில் ஏழைத் தோற்ற பெங்களூரு உள்ளே போனது. அதைக் கணிப்பு என்று எழுதியிருக்கக் கூடாது. ஆசை என்று தனிப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

புது டைரி வந்துவிட்டது. நாளைக்குச் செல்வியின் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களுக்கும் சேர்த்து எழுதுவேன். காரணம் எழுதுவேன். கோவை தம்பிக்காக எண்ணும் போடுகிறேன், ஆனால் கூட்டிக் கழித்துச் சராசரி எடுக்க மாட்டேன். முதல் வரியை இங்கேயே போடுகிறேன்.

ஜனவரி 3, சிட்னி டெஸ்ட்: ஆஸ்திரேலியா வெல்லும், 60. காரணம்: நான்கு டெஸ்டில் 30 விக்கெட் எடுத்த பும்ரா மெல்போர்னில் மட்டும் 53.2 ஓவர் போட்டிருக்கிறார். அந்த முதுகு இன்னொரு டெஸ்டைத் தாங்குமா என்று தெரியவில்லை.

கோவை_சராசரி | 31 டிசம்பர், மதியம் 1.58

நான் 50. மழையால் டிராவுக்கு 20, நமக்கு 30. சராசரியை நீங்கள் எடுக்காவிட்டால் நான் எடுக்கிறேன் அண்ணா.

கறுப்புக்_குதிரை | 31 டிசம்பர், மதியம் 2.06

நமக்குத்தான். காரணம்: இதே தொடரில் பெர்த்தில் 295 ரன்னில் வென்ற அணி. எண் போட மாட்டேன்.