மேட்டில் ஏறும்போது டிஸ்ப்ளே அணைந்துவிடுகிறது: மிட்-டிரைவ் மோட்டார் பூட்டிய சைக்கிள், உதவி தேவை

லிந்துலைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வேலை தலவாக்கலை டவுனில். 2022 இல் பெட்ரோல் தட்டுப்பாடு இருந்த நேரம் வாங்கிய 26 அங்குல மவுண்டன் சைக்கிள் ஒன்று இருக்கிறது. பின்னால் 7 கியர், சாதாரண வி-பிரேக். அதற்கு பாஃபாங் பிபிஎஸ்02 என்ற மிட்-டிரைவ் கிட், அதாவது பெடல் அச்சில் உட்காரும் மின் மோட்டார், பூட்டியிருக்கிறேன். 36 வோல்ட், 500 வாட். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதிகபட்சம் 25 ஆம்பியர் எடுக்கும். பேட்டரி வேறு இடத்தில் வாங்கியது: 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர். பின் கேரியரில் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

காலையில் டவுனுக்கு இறங்குவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பின்னேரம் திரும்பும்போதுதான் தொல்லை. அம்மா லயத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறார். அரிசி, சீனி, பருப்பு என்று 20 கிலோ வரை ஏற்றிக்கொண்டு வருவேன். பிரதான பாதையில் சமாளிக்கிறது. தோட்டத்துப் பாதைக்குத் திரும்பி ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டிஸ்ப்ளே பட்டென்று அணைந்துவிடுகிறது. எரர் எண் எதுவும் வருவதில்லை. பேட்டரி சுவிட்சை நிறுத்திப் போட்டால் திரும்ப வருகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடியும் போய்விடுகிறது. பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதாகத்தான் காட்டுகிறது. மோட்டாரைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு.

கேட்ட இடத்தில் எல்லாம் “மலைக்கு 500 வாட் போதாது, 1000 வாட் போடு” என்கிறார்கள். இன்னொரு மோட்டார் வாங்க என்னிடம் வசதி இல்லை. உண்மையிலேயே மோட்டார்தான் காணாதா, இல்லை வேறு ஏதாவது கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பளைக்காரன்:

பேட்டரிக்குள் இருக்கிற பி.எம்.எஸ் (செல்களைப் பாதுகாக்கும் சர்க்கியூட்) தான் கரண்டை வெட்டுகிறது. அதைக் கழற்றிவிட்டு வயரை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். பிறகு வெட்டாது.

பண்டாரவளை அண்ணன்:

தம்பி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பி.எம்.எஸ் வெட்டுகிறது என்று அவர் சொன்னது சரி, கழற்றச் சொன்னதுதான் ஆபத்து. அது இல்லாவிட்டால் ஒரு செல் அளவுக்கு மீறி இறங்கினாலும், சார்ஜ் போடும்போது அளவுக்கு மீறி ஏறினாலும் தடுக்க ஒன்றும் இருக்காது. லிதியம் பேட்டரி தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரில் அணையாது. நீங்கள் இருப்பது லயம். பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து ஒரே கூரை. அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதில் இரண்டு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. டிஸ்ப்ளே அணைவது ஒன்று, மோட்டார் சூடாவது இன்னொன்று.

டிஸ்ப்ளே எரிந்துகொண்டிருக்க மோட்டார் மட்டும் நின்றால் கன்ட்ரோலரைச் சந்தேகப்படலாம். வோல்ட் குறைந்தால் பெரும்பாலும் 06 என்ற எண் வரும், மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் 10 வரும். உங்களுக்கு எண்ணே வராமல் முழுவதும் இருட்டாகிறது. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரமே நின்றுபோகிறது. பி.எம்.எஸ் எத்தனை ஆம்பியருக்கு உரியது என்று அதன் லேபிளைப் பாருங்கள். இந்த அளவுப் பேட்டரிகளில் 15 ஆம்பியர்தான் அதிகம் போடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள், சைக்கிள், மோட்டார், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றம். மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏறினால் சக்கரத்துக்குச் சுமார் 350 வாட் வேண்டும். உங்கள் கால் 80 வாட் கொடுக்கும். மிச்சத்தை மோட்டார் கொடுக்க, வீணாகும் சூட்டையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் போகும். அதே ஏற்றத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறப் பார்த்தால் 19 ஆம்பியர் வரை போகும். கன்ட்ரோலர் 25 வரை கேட்கும், பேட்டரி 15 தான் கொடுக்கும், வெட்டுகிறது. 1000 வாட் மோட்டார் போட்டால் இன்னும் அதிகமாகக் கேட்கும், இன்னும் சீக்கிரம் வெட்டும். ஆகவே மோட்டாரை மாற்றுவதில் பலன் இல்லை.

சூடு கியரால் வருகிறது. மிட்-டிரைவின் பலமே, மோட்டாரின் சுழற்சி செயின் வழியாகப் பின் கியர்களுக்கும் போவதுதான். கியர் சரியாக இருந்தால் சின்ன மோட்டாரும் பெரிய மேட்டை ஏறும். மோட்டார் வேகமாகச் சுழலும்போது பெரும்பகுதி மின்சாரம் இழுவையாகிறது. திணறித் திணறிச் சுழலும்போது பெரும்பகுதி சூடாகிறது. இந்தக் கிட்டில் கன்ட்ரோலரும் மோட்டாரோடு ஒட்டியே இருப்பதால் அந்தச் சூடு அதற்கும் போகும்.

முன் பல்சக்கரத்திலும், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலும் எத்தனை பல் என்று எண்ணிச் சொல்லுங்கள். எந்தக் கியரில் ஏறுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

லிந்துலைத் தம்பி:

அண்ணே, நன்றி. பி.எம்.எஸ் லேபிளில் 15 ஆம்பியர் என்றுதான் இருக்கிறது. முன்னால் 46 பல், கிட்டோடு வந்தது. பின்னால் பெரியது 28. ஏற்றத்தில் அந்த 28 இல்தான் போடுவேன், மோட்டார் உதவி மட்டம் ஆகக் கூடியதில். அப்படியும் சில திருப்பங்களில் வேகம் 8 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்.

பண்டாரவளை அண்ணன்:

பதில் அதிலேயே இருக்கிறது. 46 க்கு 28 போட்டு 8 கிலோமீட்டரில் போனால் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுக்கூட வராது. இந்த மோட்டாருக்கு 70 இலிருந்து 90 சுற்று இருக்க வேண்டும். பின்னால் 14 இலிருந்து 34 பல் வரை உள்ள 7 கியர் ஃபிரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) கிடைக்கும். அதோடு முன்னால் 42 பல் ரிங்கும் போட்டால் 12 கிலோமீட்டரில் 78 சுற்று வரும். இப்போது அதே வேகத்தில் உங்களுக்கு 59 தான் வருகிறது. ஃபிரீவீலை முதலில் மாற்றுங்கள், அதுதான் விலை குறைவு. செயினின் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

முன்னால் 42 ஐ விடச் சின்னதாகப் போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மோட்டாரின் வட்டமான கியர் பெட்டி வலது பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. 42 பல் ரிங்கை உட்பக்கம் குழிந்த அமைப்பில் செய்கிறார்கள். அது அந்தப் பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே உட்காரும். அதைவிடச் சின்ன ரிங் பெட்டிக்கு வெளியேதான் நிற்கும். அப்போது செயின் வெளியே தள்ளிப் போகும். பின்னால் பெரிய பல்சக்கரமோ உள்ளே ஸ்போக் பக்கம் இருக்கிறது. மேட்டில் உங்களுக்குத் தேவையான அந்தக் கியரிலேயே செயின் மிகச் சரிந்து ஓடும். பாரத்தோடு ஏறும்போது கழன்றுவிடும், பல்லும் சீக்கிரம் தேயும்.

கியர் மாற்றும்போது ஒரு நொடி மிதிப்பதை நிறுத்தி, மோட்டார் விட்ட பிறகு மாற்றுங்கள். மோட்டார் இழுக்கும்போதே மாற்றினால் செயின் அறுந்துவிடும்.

வெலிமடை ஆசிரியை:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை: பிரேக். என் தம்பியும் இதே மாதிரிச் சைக்கிளில் 20 கிலோ மரக்கறி ஏற்றி இறங்குகிறான், அதனால் கவலையோடு சொல்கிறேன். இந்த மோட்டார் இறக்கத்தில் உங்களைப் பிடித்து வைக்காது. பின் சக்கரம் ஃபிரீவீலில் ஓடுவதால் மோட்டாருக்கு எதுவும் திரும்பி வராது. முழுப் பாரமும் பிரேக் கட்டையில்தான். மழையில் நனைந்த ரிம்மில் வி-பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் எடுக்கும், எங்கள் பக்கத்து மண் ஒட்டினால் கட்டை வேகமாகத் தேயும். நீண்ட இறக்கத்தில் ஒரே பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கவும் கூடும். இடையில் நின்று ஆறவிட்டு இறங்குங்கள். முன் ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் பூட்ட இடம் இருந்தால் முன்னுக்காவது போட்டுவிடுங்கள், தம்பி.

பண்டாரவளை அண்ணன்:

டீச்சர் சொல்வது முழுக்கச் சரி. நானும் ஹப்புத்தளைப் பாதையில் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் மாறி மாறித்தான் பிடிக்கிறேன். கிட்டோடு வந்த பிரேக் பிடியைத்தான் போட்டிருக்கிறீர்களா? அதில் உள்ள சென்சார், பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும். பழைய பிடியையே வைத்திருந்தால் மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் கொஞ்சம் தள்ளும். திருப்பத்தில் அது போதும் விழுவதற்கு.

பேட்டரிக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. 15 ஆம்பியர் எல்லை ஒன்றுதான் காரணமா, இல்லை உள்ளே ஏதாவது செல் வரிசை பழுதா என்று அதில் தெரியும். 36 வோல்ட் என்றால் உள்ளே 10 வரிசை இருக்கும். பி.எம்.எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்களில் ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் மல்டிமீட்டரால் தனித்தனியாக அளக்கலாம். பாதையில் வெட்டிய பிறகு ஒரு தரம், முழுச் சார்ஜில் ஒரு தரம் அளக்க வேண்டும். பழக்கம் இல்லாவிட்டால் நீங்கள் தொடாதீர்கள். இரண்டு முனை தவறுதலாக ஒன்றையொன்று தொட்டாலே தீப்பொறி பறக்கும். தொலைக்காட்சி, போன் திருத்துகிற யாரிடமாவது கொடுத்து உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

லிந்துலைத் தம்பி:

அண்ணே, டவுனில் எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து அளந்தோம். வெட்டிய பிறகு 9 வரிசைகள் 3.62 க்கும் 3.66 க்கும் இடையில் இருந்தன. ஒன்று மட்டும் 3.21. மொத்தம் கிட்டத்தட்ட 36 வோல்ட். முழுச் சார்ஜில் பத்தும் 4.15 அளவில் ஒன்றாகவே இருக்கின்றன. இதற்கு என்ன அர்த்தம்?

டீச்சருக்கும் நன்றி. பிரேக் பிடி பழையதுதான் இருக்கிறது. புதியதை இந்த வாரமே மாற்றுகிறேன்.

பண்டாரவளை அண்ணன்:

நல்ல வேலை செய்தீர்கள். நிறைந்திருக்கும்போது சமமாக இருந்து, இறங்கும்போது ஒன்று மட்டும் முந்தி இறங்கினால் அந்த வரிசையில் கொள்ளளவு குறைந்திருக்கிறது. ஒரு வரிசையில் 4 செல் இருக்க வேண்டும். அதில் ஒன்று செத்திருக்கலாம், அல்லது அதை இணைக்கும் நிக்கல் பட்டை விட்டிருக்கலாம். நாலு பேர் தூக்க வேண்டிய பாரத்தை மூன்று பேர் தூக்குகிற மாதிரி. 15 ஆம்பியர் போகும்போது செல்லுக்கு 3.75 ஆம்பியர் வர வேண்டியது, அங்கே 5 ஆகிறது. அந்த வரிசை மட்டும் சடாரென்று இறங்க, பி.எம்.எஸ் முழுப் பேட்டரியையும் வெட்டுகிறது. டிஸ்ப்ளே மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதால் பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டுகிறது.

விற்றவரிடம் இந்த அளவுகளை எழுதிக் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள். திருத்துபவர் ஸ்பாட் வெல்டிங் மிஷின் வைத்திருக்க வேண்டும். செல்லின்மேல் நேரடியாக ஈயம் பற்றவைப்பவரிடம் கொடுக்காதீர்கள், அந்தச் சூட்டில் செல் கெட்டுவிடும். அதுவரைக்கும் உதவி மட்டத்தைப் பாதிக்கு மேல் வைக்காதீர்கள், ஏற்றத்தில் சாமானும் வேண்டாம்.

லிந்துலைத் தம்பி:

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். பேட்டரியைத் திறந்து பார்த்தார்கள். அண்ணன் சொன்னபடியே ஒரு செல்லின் பட்டை விட்டுப்போயிருந்தது. கேரியரில் இருந்து தோட்டத்துக் கல் பாதையில் குலுங்கியதால்தான் என்று சொன்னார்கள். திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இப்போது பேட்டரியைச் சட்டத்தின் கீழ்க் குழாயில், தண்ணீர்ப் போத்தல் பூட்டும் இடத்தில், ரப்பர் வைத்துப் பூட்டியிருக்கிறேன். 34 பல் ஃபிரீவீலும் போட்டாயிற்று. அதே சாமானோடு ஏறினேன், ஒரு இடத்திலும் வெட்டவில்லை. மோட்டார் சூடாகிறது, ஆனால் கை வைக்க முடிகிறது. 42 ரிங் இன்னும் வாங்கவில்லை.

இன்னொரு சந்தேகம். பெரிய ஏற்றத்தில் மோட்டார் உடம்பே கொஞ்சம் அசைகிற மாதிரி கடக் கடக் என்று சத்தம் வருகிறது.

பண்டாரவளை அண்ணன்:

மிகவும் சந்தோஷம் தம்பி. அந்தச் சத்தத்தோடு ஓட வேண்டாம். மோட்டார் பிடித்திருப்பது பெடல் அச்சு போகும் குழாயில். இடது பக்கத்துப் பெரிய வளைய நட்டு இளகியிருக்கும். கிராங்கைக் கழற்றி, அதற்குரிய சாவியால் இறுக்குங்கள். அதற்கு முதல், உள்ளே இருக்கும் பல் வைத்த தகடு குழாயின் விளிம்பில் நன்றாகப் பதிந்திருக்கிறதா, அதை மோட்டாரோடு சேர்க்கும் இரண்டு சின்ன போல்ட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த விளிம்பில் பெயின்ட் தடிப்பாக இருந்தால் சுரண்டிவிடுங்கள், அதன்மேல் தகடு வழுக்கும். முதல் சில வாரம் அடிக்கடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோலரின் 25 ஆம்பியரையும் 14 க்குக் குறைத்துவிடுவது நல்லது. புரோகிராம் கேபிள் ஒன்று வேண்டும், என்னிடம் இருக்கிறது. பண்டாரவளைப் பக்கம் வந்தால் ரயிலில் சைக்கிளையும் கொண்டுவாருங்கள், செய்து தருகிறேன்.

பிறகு சார்ஜ். ஏறி வந்த சூட்டோடு போடாதீர்கள், ஆறவிட்டுப் போடுங்கள். விறகு காயவைக்கும் அடுப்படியில் வேண்டாம். எல்லாரும் படுத்த பிறகு இரவு முழுக்கப் போட்டு வைப்பதும் வேண்டாம்.

லிந்துலைத் தம்பி:

போல்ட் ஒன்று இல்லவே இல்லை அண்ணே, இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். நாளைக்கு டவுனில் அதே அளவில் தேடுகிறேன். லீவு கிடைத்ததும் பண்டாரவளைக்கு வருகிறேன், வருவதற்கு முன் இங்கே எழுதுகிறேன்.