காற்கவ்வி, வீண்கழற்சி, விடாப்பிடி: பனிச்சறுக்குக் கலைச்சொற்கள் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

பனிச்சறுக்குப் பலகையோடு காலணியைப் பொருத்தும் கருவிக்கு முந்தைய மடல்களில் முன்மொழியப்பட்ட 'பிணைப்பு', 'கட்டு' ஆகிய இரு சொற்களையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவை கட்டிவைக்கும் வேலையை மட்டுமே சொல்கின்றன. இந்தக் கருவியோ, சறுக்கும்போது காலணியை இறுகப் பற்றியிருக்கவும், விழும்போது காலெலும்பு முறுக்குண்டு முறிவதற்குள் அதை விட்டுவிடவும் என இரண்டு வேலைகளுக்காகச் செய்யப்பட்டது. பற்றுவதும் வேண்டியபோது விடுவதும் 'கவ்வு' என்ற வினைக்குள் அடங்குவதால், 'காற்கவ்வி' என்பதை முன்வைக்கிறேன். விரல்பக்கம் இருப்பது முன்கவ்வி, குதிகால்பக்கம் இருப்பது பின்கவ்வி.

'கட்டு' என்பதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கம்பிவடத்தால் காலணியை இழுத்துக் கட்டிய பழைய அமைப்புகளுக்கு அது மிகவும் பொருந்தும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் போர்ட்லாந்தில் வாழ்ந்த ஹ்யால்மர் ஹ்வாம் 1937இல் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்ட பிறகே, விழும்போது தானாகக் கழலும் முன்பகுதியை வடிவமைத்தார். அதன் பிறகு வந்தவற்றைக் 'கட்டு' என்று அழைப்பது கருவியின் பாதி வேலையை மறைத்துவிடும்.

இக்கருவியின் கோளாறுகளுக்கு அம்மடல்களில் வந்த 'பிணைப்புச் செயலிழப்பு' என்ற சொல்லுக்கு என் மறுப்பு இதைவிட வலுவானது. மலைச்சரிவில் நிற்பவருக்கு அச்சொல்லால் பயனில்லை, ஏனெனில் நேர்மாறான இரண்டு கோளாறுகளை அது ஒரே பெயரில் அடக்குகிறது. விடக்கூடாத நேரத்தில் காலணி கழன்றுவிடுவதை 'வீண்கழற்சி' என்றும், விடவேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்திருப்பதை 'விடாப்பிடி' என்றும் பிரித்துச் சொல்வோம். முன்னதற்குச் செய்யும் பரிகாரமே பின்னதை வரவழைக்கும் என்பதால் இந்தப் பிரிவு தேவைப்படுகிறது. காலணி கழன்றதும் பலரும் திருகுளியை எடுத்து, கவ்வி எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதைக் குறிக்கும் கழற்சி எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். உடல் எடை, உயரம், வயது, காலணி அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் பாங்கு ஆகியவற்றைக் கொண்டு ஐஎஸ்ஓ 11088 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி குறிக்கப்படும் எண் அது. காரணம் தெரியாமல் அதைக் கூட்டினால், அடுத்த வீழ்ச்சியில் கவ்வி விடாது.

வீண்கழற்சிக்குப் பெரும்பாலும் பனியே காரணமாகிறது. காலணியின் அடியில் ஒட்டி இறுகிய பனி, காலணியைச் சற்று உயர்த்திவிடுவதால் கவ்வி சரியாகப் படியாது. மலையேறிச் சறுக்குவோருக்காக ஆஸ்திரியரான ஃப்ரிட்ஸ் பார்த்தெல் 1980களில் உருவாக்கிய ஊசிக்கவ்வியில் இது இன்னும் நுட்பமானது. அதில் காலணி மூக்கின் இருபுறக் குழிகளிலும் இரண்டு ஊசிகள் நுழைந்து பிடிக்கின்றன. குழிக்குள் பனிக்கட்டி அடைத்திருந்தாலோ, முன்கவ்வியில் ஊசிகளைத் தாங்கும் சிறகுகளுக்கு அடியில் பனி உறைந்திருந்தாலோ, மூடியதுபோலத் தோன்றும் கவ்வி முதல் திருப்பத்திலேயே விட்டுவிடும். ஆகவே சரிவுக்குக் குறுக்காகக் காலால் மிதித்துச் சமதளம் அமைத்து, பலகை கீழே ஓடிவிடாதபடி நிறுத்தி, ஊன்றுகோல் முனையால் அந்தப் பனியைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஊசிகள் நுழைந்த பிறகு, குதிகாலைப் பொருத்தும் முன், காலைச் சிலமுறை மேலும் கீழும் அசைத்தால் குழியில் எஞ்சிய துகள்களும் வெளியேறும். இத்தனையும் செய்த பிறகும் கழன்றால்தான் எண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விடாப்பிடியைப் பற்றி நாம் இன்னும் கவலையோடு எழுத வேண்டும் என்று கருதுகிறேன், ஏனெனில் விழும்வரை அது வெளியே தெரிவதில்லை. ஊசிக்கவ்வியின் முன் நெம்புகோலை ஏறும்போது பூட்டி வைப்பது வழக்கம். இறங்கும்போதும் பூட்டியே வைத்தால் கழலும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பனிச்சரிவு நேர்ந்தால், கழலாத பலகைகள் ஆளை அடியில் இழுத்துப் பிடிக்கும். வழக்கமான காற்கவ்விகள் முழங்கால் தசைநார்களைக் காப்பதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்விளக்கத்தில் சேர்க்க வேண்டும். சரியாகக் கழன்றாலும் முழங்காலில் காயம் ஏற்படக்கூடும்.

கவ்வியே உடைந்துபோகும் மூன்றாவது வகைக் கோளாறுக்கு 'முறிவு' என்ற வழக்குச்சொல்லே போதும். நெம்புகோல் ஒடிந்தால், நீளும் தன்மையுள்ள பட்டையாலோ கம்பியாலோ காலணியைப் பலகையோடு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அப்போது நாமே விடாப்பிடியை ஏற்படுத்திக்கொள்கிறோம் என்பதால், வேகத்தைக் குறைத்து, மென்சரிவில் குறுக்கும் நெடுக்குமாகவே இறங்க வேண்டும். கவ்வியைப் பலகையில் பொருத்தும் திருகாணி பிடுங்கிக்கொண்டால் எஃகு நாரை அதே துளையில் திணித்துத் திருகுவது கைவசமுள்ள வழி. துளையில் பசை இட்டால், அது குளிரில் மெதுவாகவே இறுகும் என்பதால் அதை நம்பி உடனே சறுக்கக் கூடாது. சறுக்குமைய எல்லைக்குள் இருப்பவர்கள், இரு பலகைகளையும் தமக்கு மேலே சரிவில் பெருக்கல் குறிபோல நட்டுவிட்டு மீட்புக் குழுவை அழைப்பதே நல்லது.

'கவ்வி' பட்டறைக் கருவியோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'கால்' என்ற முன்னடை இருக்கும்வரை அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். முன் நெம்புகோலைப் பூட்டிய நிலைக்கு 'ஏற்றப்பூட்டு' என்று எழுதிவருகிறேன். இறங்கும்போது திறக்க வேண்டும் என்பதை அச்சொல்லே உணர்த்தும் என்பது என் எண்ணம். இதைவிடப் பொருத்தமான சொல் இருப்பின் அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.