ஜெயில்ல இருக்கிறவங்க தாங்க செஞ்சதை எப்படி ஞாபகம் வச்சிருக்காங்க?

கோடைமழை:
2014ல வந்த ஒரு ஆய்வு படிச்சதுல இருந்து மண்டைல ஓடிட்டே இருக்கு. தெற்கு இங்கிலாந்துல 79 கைதிங்ககிட்ட, வெளில இருக்கிற சாதா ஜனங்களை விட நீங்க எவ்ளோ நேர்மை, எவ்ளோ இரக்கம், எவ்ளோ நம்பலாம்னு மார்க் போட சொல்லிருக்காங்க, பெரும்பாலும் அடிதடி கொள்ளைனு உள்ள வந்தவங்க. எல்லாத்துலயும் தங்களுக்குதான் ஜாஸ்தி போட்டுக்கிட்டாங்க, சட்டத்தை மதிக்கிறதுல மட்டும் கொஞ்சம் அடக்கம், ஜனங்களுக்கு சமம்னு நிறுத்திட்டாங்க. இது பொய்யா, இல்ல நிஜமாவே அப்படித்தான் நம்புறாங்களா?

வேப்பமரம்:
சைக்ஸ், மாட்ஸானு ரெண்டு அமெரிக்க சமூகவியல்காரங்க 1957லயே எழுதிட்டாங்க பாஸ். நானா செய்யல சூழ்நிலை, யாருக்கும் பெருசா நஷ்டமில்ல, அவனுக்கு நல்லா வேணும், போலீஸ் மட்டும் யோக்கியமா, கூட்டாளிக்காக செஞ்சேன். இந்த அஞ்சுல ஏதோ ஒன்னு வந்துடும். செஞ்சப்புறம் தேடுற சாக்குனு நினைக்காதீங்க, முன்னாடியே மனசுல ரெடியா இருக்கும், அதனாலதான் கையே துணியுதுங்கிறாங்க.

ஜூனியர் வக்கீல்:
நான் கிரிமினல் சைடு, மனு போட்டு கட்சிக்காரங்களை பாக்க ஜெயிலுக்கு போவேன். "கொலை"ங்கிற வார்த்தையே காதுல விழாது. "302ல வந்தேன்"ம்பாங்க (கொலைக்கான பழைய சட்டப் பிரிவு, புது சட்டத்துல 103, ஆனா வாய்ல இன்னும் 302தான்). குத்திட்டேன்னு வராது, "கத்தி பட்டுடுச்சு சார்". ஆனா பாதி கதையை சொல்லிக் கொடுக்கிறதே நாங்கதான். கொலைனு நிரூபணமாச்சுன்னா ஆயுள் இல்லாட்டி தூக்கு, அதே திடீர் ஆத்திரம் திடீர் சண்டைனு கோர்ட் ஏத்துக்கிட்டா பழைய 304க்கு, அதாவது கொலை அளவுக்குப் போகாத மரணக் குற்றத்துக்கு இறங்கும், பத்து வருஷத்துக்குள்ள முடியவும் வாய்ப்பிருக்கு. அப்ப "அவன் உன்னை என்ன சொல்லி திட்டினான்"னுதானே முதல்ல கேப்போம்? ஒருத்தர் என்கிட்ட முதல்நாள் "முறைச்சான் சார்"னுதான் சொன்னார். விசாரணை, அப்பீல்னு சொல்லி சொல்லி இப்ப அவர் அம்மாவை திட்டினான்ங்கிற அளவுக்கு வந்து நிக்குது, சொல்றப்ப கண்ணு கலங்குது, நடிப்பில்ல.

கடலைமிட்டாய்:
நிஜமாவே செய்யாதவனும் "நான் செய்யல"ன்னுதானே சொல்வான்? இந்தியால ஜெயில்ல இருக்கிறவங்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிங்க, தீர்ப்பே வரல. எல்லாரையும் ஒரே தட்டுல வச்சு மனசை ஏமாத்திக்கிறாங்கனு சொல்லிடாதீங்கப்பா.

கோடைமழை:
அது கரெக்ட்தான். வக்கீல் சார், அந்த ஆளுக்கு இப்ப உண்மைல எதுதான் ஞாபகம் இருக்கு, முறைச்சதா திட்டினதா?

ஜூனியர் வக்கீல்:
ஒருதடவ கேட்டே பாத்தேன். "அதான் கேஸ் கட்டுல இருக்கே சார்"னார்.