தாத்தாவின் பாம்பன் பால நாட்கள்: உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். போன ஆடியில் எங்கள் தாத்தா தவறிவிட்டார், ரயில்வேயில் கலாசியாக (உதவித் தொழிலாளியாக) சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். வருஷ திதிக்கு அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று பேரப்பிள்ளைகள் கிளம்பியிருக்கிறோம்.

வீட்டுக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. சம்பள நாளில் பாட்டிக்கு மல்லிகைப் பூவும் மிக்சர் பொட்டலமும் வாங்கி வருவார் (பாட்டி காத்திருந்தது மிக்சருக்குத்தான் என்பது எங்கள் சந்தேகம்), சொந்தக்காரர்கள் கல்யாணம் என்றால் சாம்பார் வாளியை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். ஆனால் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து பாம்பன் ரயில் பாலமும் உடைந்ததே, அதை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தவர்களில் அவரும் ஒருவர் என்பது மட்டும் தெரியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த வேலையில் இருந்தார்களா? பழைய போட்டோ இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, செல்போனில் எடுத்து அனுப்புங்கள். தொழிலாளர்கள் எங்கே தங்கினார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாலும் எழுதுங்கள். அப்புறம், தாத்தாவின் பழைய சர்வீஸ் ரெஜிஸ்டரை (பணிப் பதிவேட்டை) பார்க்க யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? ஆனிக்குள் அச்சுக்குப் போக வேண்டும், அதனால் கொஞ்சம் சீக்கிரம்.