ஃபவுண்டேஷன் தொடர் பிடித்துப்போனது, நாவலை வைத்து அதை எப்படி எடைபோடுவது?

டிரான்டர் டீக்கடை:

ஃபவுண்டேஷன் தொடரின் முதல் இரண்டு சீசனையும் ஒரே வாரத்தில் பார்த்து முடித்தேன். மூன்றாவதை இன்னும் தொடவில்லை, தயவுசெய்து யாரும் அதில் என்ன நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அஸிமோவின் ஃபவுண்டேஷன் நாவல்களில் முதல் மூன்றையும் கல்லூரி நாட்களில் படித்தவன், அந்தப் பாசத்தில்தான் உட்கார்ந்தேன்.

குழப்பம் என்னவென்றால், தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது க்ளியான்கள் வரும் பகுதி. ஒரே பேரரசனைப் பிரதி எடுத்து, இளையவன், நடுவயதுக்காரன், கிழவன் என மூன்று வயதில் மூன்று பேரை எப்போதும் அரண்மனையில் வைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாடு. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரே மாதிரி கையை அசைப்பதைப் பார்த்தாலே முதுகு சில்லிடுகிறது. இது நான் படித்த புத்தகங்களில் ஒரு வரிகூடக் கிடையாது. புத்தகத்தில் நிஜமாகவே இருக்கிற டெர்மினஸ் கிரகம், அதன் மேயர் சால்வர் ஹார்டின், எதிரி நாடான அனாக்ரியான் எல்லாம் திரையில் வந்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது.

அறை நண்பனும் அஸிமோவைக் கரைத்துக் குடித்தவன். "பேரை மட்டும் வாடகைக்கு எடுத்து வேறு குடித்தனம் நடத்துகிறார்கள்" என்கிறான். அப்படியானால் எனக்குப் பிடித்தது தப்பா? ஒரு நாவலைத் தொடராக எடுத்தால் எதை வைத்து நல்லது கெட்டது சொல்கிறீர்கள்? (ஹார்டினும் கால் டார்னிக்கும் புத்தகத்தில் ஆண்கள், தொடரில் பெண்கள் என்ற சண்டை வேண்டாம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.)

பழைய பேப்பர்காரன்:

பிடித்தது தப்பில்லை தம்பி. ஏன் பிடித்தது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். அந்தக் கதை எந்த அச்சில் சுழல்கிறது, அந்த அச்சை வைத்திருக்கிறார்களா, அவ்வளவுதான் பார்ப்பேன். ஃபவுண்டேஷனின் அச்சு, ஹரி செல்டன் என்கிற கணித மேதையின் உளவரலாறு. கோடானுகோடிப் பேரின் போக்கைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம், தனி ஆள் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. அதனால் அந்தக் கதைகளில் நாயகன் ஜெயிப்பது பலத்தால் இருக்காது. நிலைமை எப்படித் திரும்பியிருக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் அவன் பார்த்துவிடுகிறான், பிறகு பேசாமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஹார்டின் அனாக்ரியானை மடக்கும் இடம் ஞாபகம் இருக்கிறதா? பாழடைந்து கிடந்த பேரரசுக் காலத்து விண்வெளிப் போர்க்கப்பல் ஒன்று, இரண்டு மைல் நீளம். அதைப் பழுதுபார்த்துக் கொடு என்று அனாக்ரியான்காரன் கேட்கிறான், ஹார்டினும் பார்த்துக் கொடுக்கிறார். அதே கப்பலை டெர்மினஸ் மேலேயே ஏவிவிடுகிறான். ஆனால் அணுசக்தியை ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் டெர்மினஸில் பயிற்சி பெற்ற பூசாரிகள், விஞ்ஞானத்தையே மதமாக விற்று வைத்திருக்கிறார் மனுஷன். நடுவானில் பூசாரி சாபம் விடுகிறான், விளக்கு அணைகிறது, சிப்பாய்களே கலகம் செய்கிறார்கள். இதெல்லாம் நடக்கும்போது ஹார்டின் எதிரியின் அரண்மனையில் விருந்தாளி, கையில் ஆயுதம் கிடையாது. "வன்முறை திறமையற்றவனின் கடைசிப் புகலிடம்" என்று சொன்ன ஆள் அதை வாழ்ந்து காட்டும் இடம் அது.

முதல் சீசனில் இதே பொருட்கள் எல்லாம் இருக்கின்றன. அனாக்ரியான் இருக்கிறது, கைவிடப்பட்ட பெரிய கப்பல் இருக்கிறது, ஹார்டினும் இருக்கிறார். ஆனால் அவர் துப்பாக்கி தூக்குகிறார், போதாததற்கு யாருக்கும் இல்லாத உள்ளுணர்வு வேறு. இந்த ஒரு பெண் இல்லாவிட்டால் எல்லாம் கெட்டது என்ற நிலைமை வந்துவிட்டால் செல்டனின் கணக்குக்கு வேலை ஏது? பாத்திரங்கள் பேரோடு வந்தும் கதை வரவில்லை, அதனால்தான் நீங்கள் போனைத் தேடினீர்கள்.

க்ளியான் பகுதி நேர் எதிர். அஸிமோவுக்கு இந்தக் கதையின் பொறியே ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய புத்தகத்திலிருந்துதான் வந்தது. பேரரசு ஏன் விழுகிறது என்றால் அதனால் மாற முடியவில்லை. நானூறு வருஷமாக ஒரே ஆள் அரியணையில் உட்கார்ந்திருப்பதைவிட இதை எப்படிக் கண்ணுக்குக் காட்டுவது? புத்தகத்தில் இல்லாததுதான், ஆனால் புத்தகம் சொல்ல வந்ததை அது சொல்கிறது.

சோபா ஞானி:

நான் புத்தகம் படிக்கவில்லை, படிக்கிற எண்ணமும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெர்மினஸ் பகுதி எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. அச்சு மச்சு எதுவும் தெரியாத எனக்கே சலித்தது என்றால் குற்றம் எழுத்தில், அஸிமோவிடமிருந்து விலகியதில் இல்லை. ஹார்டினுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாள் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. நடுவயது க்ளியானாக நடிக்கும் லீ பேஸ் வந்தால் அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரே நிமிஷத்தில் தெரிகிறது.

பேப்பர்காரர் விட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. கதை நூறு நூறு வருஷமாகத் தாவுகிறது. புத்தகத்தில் ஒவ்வொரு கதைக்கும் புது ஆள், பழைய ஆள் செத்துப்போகிறான், சரி. டிவியில் பத்து எபிசோடுக்கு ஒருமுறை எல்லா நடிகர்களையும் மாற்றினால் யார் அடுத்த சீசன் பார்ப்பார்கள்? பிரதி எடுத்த அரசன், சாகாத ரோபோ, உறைந்து தூங்கி எழும் பெண் எல்லாம் அதே முகங்களை வைத்திருக்கத்தான். அதில் க்ளியான் யோசனை நன்றாக அமைந்துவிட்டது, மற்றது ஒட்டுப்போட்டது மாதிரி தெரிகிறது. நீங்கள் அதற்குத் தத்துவம் சொல்கிறீர்கள்.

நடுநிசி வாசகி:

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி ஒப்புக்கொள்கிறேன். இதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கேஸ் ஒன்று இருக்கிறது, சீன எழுத்தாளர் லியூ சிஷினின் த்ரீ பாடி ப்ராப்ளம். அஸிமோவ் அளவுக்குப் பழையது இல்லைதான், ஆனால் ஒரே நாவலைச் சுமார் ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு பேர் தொடராக எடுத்தார்கள். சீனாவின் டென்சென்ட் 2023 ஜனவரியில் 30 எபிசோட், நெட்ஃபிளிக்ஸ் 2024 மார்ச்சில் 8 எபிசோட். நான் இரண்டையும் பார்த்தேன், முதலாவதுக்கு ஒரு மழைக்காலமே போய்விட்டது.

டென்சென்ட் தொடர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொண்டு போகிறது, பல இடங்களில் வசனமே அதே வசனம். நாயகன் வாங் மியாவ் கண்ணுக்கு மட்டும் எண்கள் பின்னோக்கி ஓடும் அந்தப் பயம் அங்கே மெதுவாக ஏறுகிறது, எனக்கு அது பிடித்தது. டா ஷி என்கிற போலீஸ்காரராக நடித்த யூ ஹெவெய், புத்தகத்திலிருந்து சிகரெட்டோடு எழுந்து வந்தவர் மாதிரி இருக்கிறார். ஆனால் 30 எபிசோடை நிரப்ப வேண்டுமே, அதற்காகப் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்திரிகையாளரைச் சேர்த்து அவர் பின்னால் நம்மையும் அலையவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கதையின் வேர் மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சி. அப்பாவை மேடையில் வைத்து அடித்துக் கொல்வதைப் பார்த்த பெண்தான் பிற்பாடு மனிதகுலமே வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள். அந்த அடி எவ்வளவு பலமாக விழுகிறதோ அவ்வளவுதான் அந்த முடிவு நம்பும்படி இருக்கும். டென்சென்ட் அதைத் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போகிறது. காரணம் எல்லாருக்கும் தெரிந்த சீனத் தணிக்கைதான். சீனப் பதிப்பிலேயே அந்த அத்தியாயங்கள் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தன, கென் லியூவின் 2014 ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் முன்னால் வந்தன. ஆக வரிக்கு வரி விசுவாசமாக இருந்த தொடர் வேரில் கைவைத்துவிட்டது.

நெட்ஃபிளிக்ஸ் அந்த மேடையிலிருந்தே தொடங்குகிறது, முதல் சில நிமிஷங்களிலேயே வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் வாங் மியாவ் என்கிற ஒரு ஆளை ஐந்து ஆக்ஸ்ஃபோர்ட் நண்பர்களாக உடைத்து, லண்டனுக்குக் கூட்டிப்போய், எல்லாரையும் அழகானவர்களாகவும் சோகமானவர்களாகவும் ஆக்கிவிடுகிறார்கள். புத்தகத்தில் அந்த ஆளுக்குக் குணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, அது வேறு விஷயம், அதற்காக ஐந்து பேரா? அங்கே எனக்கு எரிச்சல். ஆனால் பனாமா கால்வாய்க் காட்சிக்கு வருவோம், கண்ணுக்குத் தெரியாத நூலால் கப்பலை வெண்ணெய் மாதிரி அறுக்கும் இடம். புத்தகத்தில் அது அற்புதமான பொறியியல் யோசனை, படிக்கும்போது அட என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன், உள்ளே இருந்தவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை. தொடரில் அந்தக் கப்பலில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள், நூலைக் கண்டுபிடித்தவளே அதைப் பார்க்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புத்தகம் என்னிடம் கேட்காமல் விட்டதை ஒரு தொடர் கேட்டது. பேப்பர்காரர் சொல்லும் அச்சுக் கணக்கில் இதை எங்கே வைப்பது?

கல்கிசைக் கடல்:

ஆர்தர் சி. கிளார்க்கை இன்னும் ஒருவரும் கதைக்கவில்லையே. 1956 முதல் இலங்கையில் இருந்த மனிதர், எங்கள் ஆள் என்றுதான் நான் நினைப்பது.

சைல்ட்ஹூட்ஸ் என்ட் நாவலை 2015இல் மூன்று பகுதிகளாக எடுத்தார்கள். பூமிக்கு வந்திறங்கிய வேற்றுக்கிரகவாசிகள் தங்கள் உருவத்தைப் புத்தகத்தில் 50 வருடம் காட்டமாட்டார்கள், தொடரில் அதை 15 ஆக்கிவிட்டார்கள். ஏன் அவ்வளவு காலம் ஒளிந்திருக்கவேண்டும் என்பதற்கு ஒரு தலைமுறை போய்த் தீரவேண்டும் என்ற காரணம் இருக்கு, 15 வருடத்தில் அது விளங்கவில்லை. ஐநா செயலாளர் நாயகமாக இருந்த ஸ்டோர்ம்கிரனை அமெரிக்க விவசாயி ஆக்கி, செத்த மனைவியின் நினைவு, காதல் என்று நேரத்தைக் கரைத்ததும் சரியான அலுப்பு. ஆனால் முடிவை மாற்றவில்லை. பூமி போகிறது, கடைசி மனிதன் அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு நாயகனை விட்டு உலகத்தைக் காப்பாற்றியிருக்கலாம், செய்யவில்லை. அதற்காகவே மிச்சத்தை மன்னித்தேன்.

பழைய பேப்பர்காரன்:

வாசகி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தக் கப்பல் காட்சியை நானும் பார்த்தேன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் எழுந்து போனேன். அச்சைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, சில சமயம் புத்தகத்தோடு சண்டையும் போட வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சோபா ஞானிக்கு ஒன்று. முகங்களை வைத்திருக்கத்தான் இதெல்லாம் என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன், நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் புத்தகத்தை விட்டு விலகினாலும் தொடர் தன் காலில் நின்றால் போதும் என்பதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின்னின் த லேத் ஆஃப் ஹெவன் நாவல் 1980இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் படமாக வந்தது. கனவு கண்டால் உலகமே மாறிப்போகும் ஒரு அப்பாவியும் அவன் கனவை வைத்து உலகத்தைத் திருத்தப் பார்க்கும் டாக்டரும். நிறவெறி ஒழிய வேண்டும் என்று டாக்டர் கனவு காணச் சொன்னால் மறுநாள் மனிதர்கள் எல்லாரும் சாம்பல் நிறம். கையில் காசில்லாமல் எடுத்தது என்று பார்த்தாலே தெரியும், இன்றைய கண்ணுக்குச் சிரிப்புகூட வரலாம். லெ குவின்னும் அதில் கூட இருந்து வேலை பார்த்தார். பிற்பாடு ஒரு பீட்டில்ஸ் பாட்டின் உரிமைச் சிக்கலும் சேர்ந்து வருஷக்கணக்கில் அதை மறுபடி காட்டவே முடியவில்லை, ஆனாலும் பார்த்தவர்கள் மறக்கவில்லை. 2002இல் காசு போட்டு மறுபடி எடுத்தார்கள், கதையின் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு. பார்க்க லட்சணமாக இருந்தது, தன் காலில் நின்றதும் உண்மை. ஆனால் அது நின்ற இடத்தில் ஏற்கெனவே ஆயிரம் படங்கள் நின்றுகொண்டிருந்தன.

சோபா ஞானி:

சாம்பல் நிற மனிதர்கள் விஷயம் நன்றாக இருக்கிறதே. சரி, அதைப் பார்க்கிறேன். படிக்க மாட்டேன்.

டிரான்டர் டீக்கடை:

எல்லாருக்கும் நன்றி. பேப்பர்காரர் சொன்னதைப் படித்ததும் இரண்டாவது புத்தகத்தில் வரும் பெல் ரியோஸ் என்ற தளபதியின் கதையை எடுத்து மறுபடி படித்தேன். அதில் இரண்டு பேர் தளபதியைத் தடுக்க ஓடுகிறார்கள், லஞ்சம் கொடுக்கிறார்கள், தப்பிக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அவர்கள் செய்தது எதுவும் காரணமே இல்லை. தளபதி பலசாலியாக இருந்தால் பலமான பேரரசனே அவனைச் சந்தேகப்பட்டுக் கொன்றுவிடுவான், எப்படியும் அதுதான் நடந்திருக்கும். தொடரில் இது தளபதிக்கும் பேரரசனுக்கும் நடக்கும் கைகலப்பில் முடிந்தது, பார்த்தபோது கைதட்டினேன், இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் ஒரு சேதம் ஆகிவிட்டது. புத்தகத்தில் அந்தப் பேரரசன், இரண்டாம் க்ளியான், வலியில் படுக்கையோடு கிடக்கிற நோயாளி. நான் எத்தனை முறை படித்தாலும் அவர் இடத்தில் லீ பேஸ்தான் வருகிறார், அதுவும் உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் கொலையாளிகளோடு மல்லுக்கட்டினாரே, அந்தக் கோலத்தில். அறை நண்பனிடம் சொன்னேன், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.