வாய்க்காலைக் கேட்டால் கரையில் இருப்பவர்களை எழுப்பிவிடுவார்களா?

வேப்பமர வளவு எழுதியது:

மட்டக்களப்பின் எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் ஒழுங்கை. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எந்த உள்ளூராட்சிச் சபை என்று தெரிந்துவிடும், அங்கே வேலை செய்கிற இரண்டு பேர் எனக்குச் சொந்தம்.

ஒழுங்கையில் பத்தொன்பது வீடு. 2011 தை மாத வெள்ளம் வேறு கதை, அது மாவட்டம் முழுக்க வந்த வெள்ளம். இப்போது அப்படியில்லை. ஒரு இரவு மழை பெய்தாலே விடியக் கணுக்கால் தண்ணீர், இரண்டாம் நாள் முழங்கால். 2024 கார்த்திகையில் எட்டு நாள் வடியாமல் நின்றது. அம்மா அரிசி வாளியைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்தார். மலசலகூடக் குழி நிரம்பி மேலே வந்துவிடும். எங்களுடையது மணல் நிலம், கிணற்றுக்கு அது வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? தண்ணீர் வற்றிய பிறகும் ஒரு மாதத்துக்குக் குடிக்கப் போத்தல் தண்ணீர்தான்.

காரணம் எங்களுக்குத் தெரியும். பின்பக்கம் வாவிக்குப் போகிற ஒரு வாய்க்கால் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் கரப்பு வைத்து மீன் பிடிப்பார்கள். முதலில் முன்வீதியைக் கொங்கிரீட் போட்டு ஒரு முழம் உயர்த்தினார்கள். வீதி உயர்ந்தது, வளவு குளமானது. அதற்கு அடுத்த வருடம் வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்த பள்ளக் காணியை யாரோ வாங்கி டிப்பர் டிப்பராகக் கிரவல் மண் கொட்டினார்கள். அங்கே இருந்த மதகு இப்போது மண்ணுக்குள்.

மூன்றாவது காரணத்தைத்தான் எழுதக் கை வரவில்லை. வாய்க்கால் கரையில் ஐந்து குடும்பம் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். வெளியாட்கள் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வீடு மூத்த மகளுக்குச் சீதனம். அடுத்தவளுக்கு வளவில் ஒரு துண்டு. மூன்றாவது மகளுக்கு வளவும் முடிந்துவிடும். அப்படி முடிந்துபோன மகள்மார்தான் மூன்று குடும்பம். மற்ற இரண்டும் சண்டைக் காலத்தில் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, திரும்பிப் போகாதவர்கள்.

மாதர் சங்கத்தில் நான் செயலாளர். 86 பேரிடம் கையெழுத்து வாங்கி, ஆறு கோரிக்கை எழுதி, ஒன்பது இடத்துக்குப் பிரதி போட்டு மனுக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒருவர் அளவுநாடாவோடு வந்தார். நிரப்பிய காணிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே ஐந்து கொட்டிலுக்கும் போய்ப் பெயர் எழுதி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த ஐந்து வீட்டாரும் என்னோடு கதைப்பதில்லை. என்னிடம் ரியூசனுக்கு வந்த பிள்ளையும் நின்றுவிட்டாள்.

கேள்வி இதுதான். வாய்க்காலையும் கேட்க வேண்டும், இவர்களை அங்கிருந்து எழுப்பவும் கூடாது. இதை ஒரே கடிதத்தில் எப்படி எழுதுவது? இல்லை, சபைக்கு முன்னால் பதாகை பிடிப்பதுதான் வழியா?

---

படுவான்கரையான் எழுதியது:

பதாகை பிடியுங்கள் டீச்சர், யோசிக்கவே வேண்டாம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினரே இல்லை, கேட்கப் போனால் கதிரைதான் இருந்தது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு வட்டாரத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார். வாக்குக் கேட்டு வந்தபோது உங்கள் ஒழுங்கைக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருப்பாரே? அதை ஞாபகப்படுத்துங்கள். முகநூலில் நேரலை போட்டால் இன்னும் நல்லது.

---

பழைய ஓவசியர் எழுதியது:

பிள்ளை, முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன், கோபிக்காதே. உன் மனுவைக் கெடுத்தது நீயேதான். ஆறு கோரிக்கை, ஒன்பது பிரதி! ஒன்பது பேரில் ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேர் பார்ப்பார்கள் என்று கோவையில் செருகியிருப்பார்கள். ஆறு கோரிக்கையில் எது லேசானதோ அதைத்தான் அனுப்பப்பட்ட ஆள் செய்வான். பெயர் எழுதுவது லேசு. அதற்குப் பெக்கோ இயந்திரம் வேண்டாம், டீசல் வேண்டாம், காணிக்காரனோடு பகையும் இல்லை.

முதலில் தண்ணீர் எதனால் நிற்கிறது என்று நிரூபி. தெரியும் என்கிறாய், எனக்கு நம்பிக்கை இல்லை. வாவி மட்டம் ஏறி நிற்கிற நாளில் எந்த வாய்க்காலை வெட்டினாலும் தண்ணீர் இறங்காது. வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்தை வெட்டினால்தான் இறங்கும், அதைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் போட்டுத் தீர்மானிப்பார்கள், சபைக்கு அதில் கை இல்லை. ஆகவே கிணற்றுக் கட்டில் சுண்ணாம்பால் ஒரு அளவுகோல் வரை. மாரி முழுக்கத் தினமும் காலையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கொப்பியில் எழுது. அதே நாளில் வாவிக் கரையில் ஒரு மரத்தறி நட்டு அதில் கோடு போட்டு அதையும் எழுது. வாவி இறங்கியும் உன் வளவு இறங்கவில்லை என்றால், பழி வாய்க்காலுக்கு. அந்தக் கொப்பியை ஒருவனும் மறுத்துப் பேச முடியாது. நாங்கள் 78 சூறாவளிக்குப் பிறகு வடிகான் திருத்தப் போனபோது ஊர்க் கிழவர்கள் சுவரில் காட்டிய சேற்றுக் கோடுதான் எங்களுக்கு மட்டம். கருவி பிறகுதான் வந்தது.

மறுகா, வாய்க்கால் யாருடையது என்று பார். இது பெரிய விசயம். சபையின் பதிவேட்டில் இல்லாத வீதிக்கும் வடிகானுக்கும் சபைக் காசைச் செலவழிக்கக் கணக்காய்வு விடாது. மனம் இருந்தாலும் செய்ய மாட்டார்கள். தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், அதில் விண்ணப்பம் போடு. ஏன் செய்யவில்லை என்று கேட்காதே, அது சண்டைக்குக் கூப்பிடுவது போல. மூன்றைக் கேள்: இந்த வாய்க்கால் உங்கள் பதிவேட்டில் உள்ளதா, இதன் அகலம் எவ்வளவு, அந்தக் காணியை நிரப்ப யாருக்கு எந்தத் திகதியில் அனுமதி கொடுத்தீர்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதே. நில அளவைத் திணைக்களத்தின் கிராம வரைபடத்தில் வாய்க்காலும் அதன் ஒதுக்கும் (அதற்கென்று விட்ட கரை நிலமும்) கோடாக இருக்கும், அதையும் எடுத்துவிடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாய்க்காலை நெரித்தது கொட்டிலா கிரவலா என்று குருடனுக்கும் தெரியும்.

அந்த ஐந்து குடும்பம். சபைக்குக் காணி கொடுக்கிற அதிகாரம் இல்லை. அரச காணி பிரதேச செயலாளர் கையில். வீட்டுக் கடன் தேசிய வீடமைப்பு அதிகார சபையில். சபையிடம் போய் 'இவர்களுக்கும் ஏதாவது பாருங்கள்' என்று எழுதினால் அவர்களால் செய்யக்கூடிய ஒரே ஏதாவது எழுப்புவதுதான். அதனால் ஒரே கடிதம் வேண்டாம். இரண்டு கடிதம். சபைக்கு ஒரு கோரிக்கை மட்டும்: புதைந்த மதகைத் திறந்து அந்த முனையை வெட்டுங்கள். பிரதேச செயலாளருக்கு இன்னொன்று: ஐந்து குடும்பத்தின் பெயர், பதிவு, எத்தனை வருடம், மாற்றுக் காணி. அந்தக் கடிதத்தை நீ எழுதாதே. அவர்கள் எழுத வேண்டும். நீ பேனா மட்டும் கொடு.

இன்னொன்று, வீட்டுக்குச் சபை வாங்குகிற சோலைவரிப் பற்றுச்சீட்டின் பிரதிகளைச் சபைக் கடிதத்தோடு இணை. வரி கட்டுகிறவன் என்றால் மேசையில் ஒரு மரியாதை.

---

தோணாக்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் அம்பாறைக் கரையோரத்து ஆள். ஓவசியர் ஐயா சொன்னதில் கடைசி வரி எனக்குச் சரியாகப் படவில்லை. வரிச்சீட்டை இணைத்தால் அந்த ஐந்து வீட்டாரிடம் சீட்டு இல்லை என்பதும் அதே கடிதத்தில் தெரிந்துவிடும். சகோதரி யாரைக் காப்பாற்றப் பார்க்கிறாரோ அவர்களை நாங்களே பட்டியலிலிருந்து வெட்டுகிறோம்.

எங்கள் ஊரில் தோணா. மழைத் தண்ணீரைக் கடலுக்கு எடுத்துப் போகிற ஓடை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதைத் துப்பரவாக்கச் சொல்லி நாங்களும் மனு, ஊர்வலம், பள்ளிவாசலில் அறிவிப்பு எல்லாம் செய்தோம். ஒருமுறை இயந்திரம் வந்து அள்ளியது. ஆறு மாதத்தில் பழையபடி பம்பர்ஸும் சொப்பிங் பேக்கும். போட்டது யார்? கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற எங்கள் வீடுகள்தான். எங்கள் வீட்டு மதிலுக்குப் பின்னாலும் கிடந்தது, பொய் சொல்லவில்லை.

அப்படி அள்ளுகிற குப்பை எங்கே போகிறது என்றும் பாருங்கள். பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்த படம் 2022 தையில் உலகம் முழுக்க வந்தது. எட்டு வருடத்தில் இருபது யானை வரை என்று அப்போது சொன்னார்கள். ஒன்பது ஊர்க் குப்பை அங்கே போனது. எங்கள் வாசலில் இல்லாவிட்டால் போதும் என்று நாங்கள் போட்ட சத்தத்துக்கு யானை கணக்குக் கொடுத்தது.

அதனால் சபையிடம் கேட்கும்போது வெட்டச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். குப்பை உழவு இயந்திரம் அந்த ஒழுங்கைக்குள் கிழமையில் எத்தனை நாள் வரும் என்று திகதி போட்டுக் கேளுங்கள். கொட்டில்காரர் வாசலுக்கும் வரவேண்டும். குப்பையை எடுக்காமல் விட்டுவிட்டு, வாய்க்காலில் போடுகிறார்கள் என்று குற்றம் சொல்வதுதான் எழுப்புவதற்கு முதல் படி. இது எங்கள் பக்கம் நடந்தது.

---

கறுப்புக் கோட்டு எழுதியது:

சுருக்கமாக இரண்டு. நிரப்பிய பள்ளக் காணி கமநல சேவை நிலையத்தின் வயல் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரும், எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை மூட முடியாது. இல்லாவிட்டாலும் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போகலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. ஆனால் கவனம். வாய்க்காலை அடைத்த எல்லாவற்றையும் அகற்றச் சொல்லி மனுவில் எழுதினால், எல்லாவற்றிலும் கொட்டிலும் அடங்கும். மதகு, கிரவல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

---

வேப்பமர வளவு எழுதியது:

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஐந்து கிழமை ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பதாகை பிடிக்கவில்லை. சபையில் வேலை செய்பவர்களில் இரண்டு பேர் சொந்தம் என்று சொன்னேன்தானே, அந்தக் கோழைத்தனமும் ஒரு காரணம்.

தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் பதின்மூன்றாம் நாள் வந்தது. வாய்க்கால் பதிவேட்டில் இருக்கிறது! ஆனால் பாதி மட்டும். ஒழுங்கையிலிருந்து நிரப்பிய காணி எல்லை வரை சபையுடையது, அதற்கு அப்பால் வாவி வரை 'எமது ஆளுகைக்கு உட்பட்டதல்ல'. அனுமதி கொடுத்ததற்கான பதிவு எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். ஐயா, நீங்கள் சொன்னதை விட்டுவிட்டு 'ஏன்' என்று கேட்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

கிராம வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வரைபடத்து வாய்க்கால் இப்போது இருப்பதைவிட மூன்று மடங்கு அகலம். ஐந்து கொட்டிலில் மூன்று ஒதுக்குக்குள் வருகிறது, இரண்டு வரவில்லை. கிரவல் மேடோ வாய்க்காலின் நடுவிலேயே. எங்கள் வீட்டு மதிலும் ஒதுக்குக்குள் இரண்டு அடி நிற்கிறது. அப்பா கட்டியது. ஒழுங்கையில் இப்படி இன்னும் நாலு மதில். சங்கத்தில் இதைச் சொன்னபோது ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை, பிறகு ஒரு அக்கா 'அப்ப நாமும் கரைக்காரர்தான் கா' என்றார்.

அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஐந்து வீட்டுக்கும் போனேன். எங்கள் மதிலை முதலில் காட்டினேன். மூன்று வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணி. கடைசி வீட்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள், அது அவர்கள் உரிமை. பிரதேச செயலாளருக்கான கடிதத்தை அவர்களே சொல்லச் சொல்ல, ரியூசனுக்கு வந்த பிள்ளை எழுதினாள். என் கையெழுத்து அதில் இல்லை. மாற்றுக் காணி கடற்கரைப் பக்கம் வேண்டாம் என்று தாங்களாகவே ஒரு வரி சேர்த்தார்கள். அவர்களில் ஒரு வீட்டுக் கிழவி 2004 மார்கழி 26 சுனாமிக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். எனக்கு அந்த வரி தோன்றியிருக்காது.

சபைக்கு ஒரு பக்கக் கடிதம். மதகும் கிரவலும், குப்பை இயந்திரம் செவ்வாய், வெள்ளி. சோலைவரிச் சீட்டுகளை இணைக்கவில்லை.

சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. இருபத்தாறு நாள் கொப்பியில் இருக்கிறது. இதில் ஒன்பது நாள் வாவி இறங்கியிருக்கிறது, எங்கள் கிணற்றுக் கட்டு இறங்கவில்லை.

ஐயாவிடம் ஒன்று: சபையின் பாதீட்டு (பட்ஜெட்) வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள் என்கிறார்கள். போய்க் கேட்டேன், முன்மேசையில் இருந்த தம்பிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. யாரைக் கேட்பது?

---

பழைய ஓவசியர் எழுதியது:

தோணாக்கரைத் தம்பி சொன்னது சரி, வரிச்சீட்டு விசயத்தில் நான் பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

முன்மேசையை விடு. கணக்காளர் அறைக்குப் போ. இல்லாவிட்டால் செயலாளரைக் கேள். எழுத்தில் கேள். வரைவு கையில் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்க்காதே, வடிகான் பராமரிப்பு என்ற தலைப்புக்குக் கீழே உன் வட்டாரம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அந்தக் கொப்பியோடு உறுப்பினர் வீட்டுக்குப் போ. காலையில் போ, மழை பெய்கிற நாளாகப் பார்த்து. வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா, வாவிக் கரைத் தறியிலிருந்து உன் கிணறு வரை நடக்கட்டும்.

அப்பாலுள்ள பாதி வாய்க்கால் யாருடையது என்று அடுத்த விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாயா?